துப்பாக்கி மேல தப்பில்ல!

பொங்கலுக்கு முன்னால் தங்கை வீட்டில் பரண் சுத்தம் செய்தோம். கிழிந்த சூட்கேஸ், காய் தொலைந்த கேரம் போர்டு, அதற்கடியில் ஓர் அட்டைப் பெட்டி. திறந்தால், 90-களில் நானும் அவளும் அடித்துக்கொண்டு விளையாடிய அதே டி.வி. கேம்! கூடவே ஒயர் சுற்றிய பிளாஸ்டிக் துப்பாக்கி.

தங்கை மகனுக்கு 12 வயது. உடனே ஹாலில் இருக்கும் எல்.இ.டி. டி.வி-யில் மாட்டிவிட்டான். படம் வந்தது. மியூசிக் வந்தது. நாய் மோப்பம் பிடித்தபடி புதருக்குள் குதித்தது. வாத்து பறந்தது. சுட்டான், விழவில்லை. திரையில் முட்ட வைத்துச் சுட்டான். ம்ஹூம். புதரிலிருந்து நாய் எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"துப்பாக்கி ரிப்பேர் மாமா. தூக்கிப் போட்டுடலாம்."

இந்தத் 'தூக்கிப் போட்டுடலாம்' பற்றித்தான் இந்த வாரம் எழுதியாக வேண்டும்.

தெருமுனை மெக்கானிக்கிடம் போனோம். அவர் கடையில் இன்னமும் ஒரு பழைய பிக்சர் ட்யூப் டி.வி. உயிரோடு இருக்கிறது. அதில் மாட்டியதும் முதல் குண்டிலேயே வாத்து விழுந்தது. "துப்பாக்கி மேல தப்பில்ல சார். உங்க வீட்டு டி.வி-தான் மாறிப்போச்சு" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நம் ஊரில் புழங்கியவை பெரும்பாலும் நகல்கள். அசல், ஜப்பானின் நின்டென்டோ கம்பெனியுடையது. 'டக் ஹன்ட்' விளையாட்டு 1984-ல் வந்தது. மறு வருடம் அமெரிக்காவில் 'ஸாப்பர்' என்ற பெயரில் துப்பாக்கி வந்தது. விளையாட்டு விற்றது 2 கோடியே 80 லட்சம் பிரதிக்கும் மேல்.

இதில் ஒரு ரகசியம். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவுமே பாய்வதில்லை. அது சுடுகிற கருவி இல்லை, பார்க்கிற கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். குழலுக்குள் இருக்கும் சென்சாருக்கு முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் தெரிந்தால் வாத்து அவுட். எரிகிற பல்பைக் காட்டி ஏமாற்ற முடியாது; முதலில் இருட்டு தெரிய வேண்டுமே! என்ன மூளை பாருங்கள்.

பிக்சர் ட்யூப் டி.வி-யில் ஒரு எலெக்ட்ரான் கற்றை, நொடிக்குச் சுமார் 15,700 கோடுகள் போட்டுப் படம் வரையும். அசல் துப்பாக்கிக்குள் இருக்கும் சர்க்யூட் அந்தத் துடிப்பைத்தான் தேடுகிறது. இன்றைய தட்டை டி.வி-யில் கற்றையும் இல்லை, அந்தத் துடிப்பும் இல்லை. போதாததற்கு, புது டி.வி. வந்த படத்தை வாங்கி, மெருகேற்றி, தாமதமாகத்தான் காட்டுகிறது. வெள்ளைக் கட்டம் திரைக்கு வந்து சேரும்போது, "வெளிச்சம் தெரிந்ததா?" என்று கேட்ட கேம் கடையைக் கட்டிவிட்டுப் போயிருக்கும்.

ஆக, கெட்டுப்போனது எதுவும் இல்லை. விசை வேலை செய்கிறது. சென்சார் வேலை செய்கிறது. உலகத்தில் இப்படி எத்தனை லட்சம் துப்பாக்கிகள், ஒரு குற்றமும் செய்யாமல் குப்பைக்குப் போயிருக்கும்?

"டி.வி. மாறினதுக்கு கேம் கம்பெனி என்ன சார் பண்ணும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால், அவர்களுக்கு வழி தெரியாமல் இல்லை. 2006-ல் நின்டென்டோ கொண்டுவந்த 'வீ' கன்சோலின் ரிமோட்டுக்குள் ஓர் அகச்சிவப்பு கேமரா இருந்தது. டி.வி. பக்கத்தில் வைத்த விளக்குகளைப் பார்த்து, கை எங்கே நீட்டுகிறது என்று அது கண்டுபிடித்தது. எந்த டி.வி-யாக இருந்தாலும் சரி. அதே ரிமோட்டை வைத்து 2014 டிசம்பரில் 'வீ யு' கன்சோலில் டக் ஹன்ட்டை மறுபடி விற்கவும் செய்தார்கள். எங்கே? அவர்களுடைய ஆன்லைன் கடையில். அந்தக் கடையிலும் 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். முன்பே காசு கொடுத்தவருக்கு உண்டு. புதிதாக வருகிறவருக்கு வாத்தும் இல்லை, நாயும் இல்லை. பழைய துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்த்தவர்கள் யார் தெரியுமா? சம்பளமில்லாமல் ராத்திரி கண் விழிக்கிற பைத்தியங்கள்! ஒரு கோஷ்டி, துப்பாக்கிக்குள் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலரை வைத்தது. அது அந்த 15,700 துடிப்பைத் தேடாமல் சாதாரண வெளிச்சத்தையே ஏற்றுக்கொள்ளும். கூடவே, புது டி.வி-யின் தாமதத்துக்குக் காத்திருக்கும்படி கேமின் நிரலிலும் கொஞ்சம் திருத்தினார்கள். இன்னொரு கோஷ்டி, திரையைச் சுற்றி நான்கு அகச்சிவப்பு விளக்குகள், குழலுக்குள் ஒரு குட்டி கேமரா என்று போனது. 'கன்ஃபார்ஐஆர்' அந்த வகை. 2019-ல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி வந்த 'சின்டன் லைட்கன்', திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளை பார்டர் போட்டு, அதைக் கேமராவால் பார்த்துக் குறியைக் கணக்கிடுகிறது. இது புதுத் துப்பாக்கி, கம்ப்யூட்டரில் மாட்டுவது. ஆனால், முதல் இரண்டு வழியிலும் பழைய கூடு அப்படியே இருக்கும். அதே கனம், விசையில் அதே 'டக்' சத்தம். உள்ளே மட்டும் புது மூளை. ஒரு சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இந்தப் பைத்தியங்களுக்குப் பாராட்டு விழா எடுக்க வேண்டாம். முட்டுக்கட்டை போடாமல் இருந்தால் போதும். ஆனால், போடுகிறார்கள். துப்பாக்கியைத் திருத்தினால் மட்டும் போதாது, கேமின் நிரலையும் திருத்த வேண்டும் என்றேனே, அதற்கு காப்புரிமை கம்பெனி கையில். தானும் திருத்தித் தர மாட்டார்கள். திருத்துகிறவரும் எப்போது நோட்டீஸ் வருமோ என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2023-ல் பழுது நீக்கும் உரிமைக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற கம்பெனி, உதிரி பாகமும் பழுது பார்க்கும் விவரமும் தர வேண்டும். பிரமாதம் என்று கைதட்டப் போனால், அதில் ஒரு ஓட்டை: வீடியோ கேம் கன்சோலுக்கு விலக்கு! மின்னசோட்டா மாநிலமும் அதே ஆண்டு இப்படி ஒரு சட்டம் போட்டு, அதே விலக்கைக் கொடுத்தது. விவரத்தை வெளியே விட்டால் திருட்டு கேம் பெருகும் என்பது கம்பெனிகளின் வாதம். அதாவது, திருடன் வருவான் என்று வீட்டுக்காரனுக்கே சாவி கொடுக்காமல் இருப்பது. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் பழுது நீக்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் திறந்தது. இணையதளம் நல்லதுதான், கட்டாயப்படுத்தும் சட்டம் எங்கே?

சட்டம் போட்டால் கம்பெனிகள் கேட்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலில் வந்த ஸாப்பர் சாம்பல் நிறம். பொம்மைத் துப்பாக்கி நிஜம் போலத் தெரியக் கூடாது என்று அமெரிக்க அரசு 1980-களின் கடைசியில் விதி கொண்டுவந்தது. என்ன ஆயிற்று? ஸாப்பர் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிட்டது! வெளியே சாயம் மாற்ற முடிந்தவர்களுக்கு, உள்ளே இருக்கிற சர்க்யூட் படத்தை வெளியிட முடியாதா?

"அட, ஒரு பொம்மைத் துப்பாக்கிக்கு இத்தனை வக்காலத்தா?" என்று சிலர் சிரிக்கலாம். பொம்மை என்பதால்தான் சொல்கிறேன். இன்றைக்குப் பொம்மை. நாளைக்கு உங்கள் வீட்டு வாஷிங் மெஷின், அம்மா காதில் மாட்டியிருக்கும் கருவி. பொருள் நன்றாகவே இருக்கும். சுற்றி இருக்கும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். "பழசு சார், புதுசு வாங்கிடுங்க" என்பார்கள். வாங்குவோம்.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு பொருளைத் தயாரிப்பதை நிறுத்துகிற கம்பெனி, அதன் சர்க்யூட் படத்தை வெளியிட வேண்டும். காசு கொடுத்து வாங்கியவர் அதைத் திருத்திக்கொள்ளத் தடை கூடாது. புதிதாக எதுவும் செய்து தர வேண்டாம். காசும் வேண்டாம்.

தங்கை மகன் இப்போது மெக்கானிக்கிடம் சால்டரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டாயிற்று. வாத்து இன்னும் விழவில்லை. ஆனால், "தூக்கிப் போட்டுடலாம்" என்ற பேச்சு போய்விட்டது.

ஹால் டி.வி-யில் அந்த நாய் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. அது அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கெடாத பொருளைக் குப்பையில் போட்டுவிட்டு, புதுசுக்கு வரிசையில் நிற்கிற நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.