செயற்கைக் குருதி எனலாமோ?

2009ஆம் ஆண்டு, போரின் இறுதி மாதங்களில், வன்னியின் தற்காலிக மருத்துவமனைகளிலே ஏற்றுதற்குக் குருதி இல்லாதபோது, காயமுற்றோர் உடலினின்று பெருகிய குருதியையே துணியில் வடித்து மீண்டும் அவர்தம் நாளத்திற் செலுத்தினர் வைத்தியர். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011ஆம் வருட அறிக்கை இதனைக் கூறும். ஆதலின், குருதிக்கு மாற்றொன்று ஆக்கப்படுகின்றது என்னுஞ் செய்தியை நாம் வேடிக்கையாகப் படித்தல் இயலாது.

எனினும் அதற்கிட்ட பெயர் எனக்கு உடன்பாடன்று. (தமிழாசிரியனுக்கு முதலிற் பெயரிலேதான் கண் செல்லும், பொறுத்தருள்க.) குருதி உறைந்து காயத்தை அடைக்கும், கிருமியோடு பொரும். இப்புதுப்பொருளோ ஒட்சிசனைச் சுமப்பதொன்றே செய்யும். 'ஒட்சிசன் காவி' என்பதே தகும்.

சுமப்பது, செங்குழியத்தினுள் உறையும் ஈமோகுளோபின். குழியத்தை நீக்கி அதனைத் தனியே ஏற்றின், அது பிளவுற்றுச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குருதிக்குழாயைத் தளர்த்தும் நைத்திரிக் ஒட்சைட்டைக் கவர்ந்து குழாயை இறுக்கும். மூலக்கூறுகளைப் பிணைத்துப் பெரிதாக்கியும் குறை முற்றுந் தீர்ந்திலது. 16 ஆய்வுகளை ஒருங்கு நோக்கிய 2008ஆம் வருடக் கட்டுரையொன்று, இவை ஏற்றப்பட்டோர்க்கு மாரடைப்பு ஏறத்தாழ 2.7 மடங்கெனக் கண்டது.

அமெரிக்காவில் 2003 முதல் 2006 வரை, 'பொலிஹீம்' என்னுங் காவி, காயமுற்றோரின் ஒப்புதலின்றியே அம்புலன்சில் ஏற்றப்பட்டது. அதனை யான் பெருங்குற்றமென்னேன். உயிர் பிரியும் வேளையில் யாரைக் கேட்பது? மருத்துவமனை சேர்ந்து, கொடைக்குருதி கைக்கெட்டிய பின்னும் 12 மணிநேரம் வரை அதனையே தொடர்ந்தனரே, அதுவே குற்றம். 2009இல் அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது.

யப்பானின் நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தார் ஈமோகுளோபினைக் கொழுப்புப் படலத்தாற் பொதிந்து மனிதரிற் சோதித்துள்ளனர். குளிரூட்டியிலும் செங்குழியம் 42 நாளளவே நிற்கும்; இதுவோ அறைவெப்பத்தில் ஈராண்டு இருக்கும் என்கின்றனர். மின்சாரமும் பாதையும் அற்றுக் கிடந்த ஊரார்க்கு இதன் அருமையை யான் சொல்லவேண்டுவதில்லை. ஆயின் இதன் மூலப்பொருள் யாது? கொடையாளர் தந்து, காலாவதியான குருதியே!

"செயற்கைக் குருதி வந்துவிட்டால் கொடை எதற்கு, ஐயா?" என்றான் என் வகுப்பு மாணவனொருவன். பெயர் விளைத்த பிழை இது. ஒட்டுசுட்டானிலே பிள்ளைப்பேற்றிற் குருதி பெருகிய தாய்க்குக் காவி தரக்கூடியது, வண்டி மருத்துவமனை சேரும்வரையான அவகாசமே. அங்கே அவளுக்கு ஏற்றுவது ஒருவர் ஈந்த குருதி. 2014 முதல் இந்நாட்டுக் குருதி வங்கிகள் ஊதியம் பெறாக் கொடையாளரையே நம்பியுள்ளன. யூபிலிக் குழுவினர் இன்னிசைக் கச்சேரிக்கு மண்டபத்தை ஒதுக்கியுள்ளனர். அன்று காலை அம்மண்டபம் வெறுமையாகவே இருக்கும். அக்காலைப்பொழுதைக் குருதிக்கொடைக்குத் தருமாறு கேட்கின்றேன்.