பாதி வழியில் 'மக்கர்' பண்ணும் பேட்டரி பைக்! புது பேட்டரிக்கு காசை கொட்டும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

திண்டுக்கல்:

காலையில் கிளம்பும்போது மீட்டரில் 3 கட்டம் சார்ஜ் காட்டுகிறது. நாகல்நகர் மேம்பாலத்தில் பாதி ஏறுவதற்குள் வண்டி 'கப்சிப்'! பின்னால் வரும் பஸ்சின் ஹாரன் சத்தம் வேறு காதைப் பிளக்கிறது. ஓரமாகத் தள்ளி நிறுத்தி, 10 நிமிடம் கழித்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் அதே 3 கட்டம். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு... பேட்டரி போச்சா, இல்ல வித்தவன் தலையில கட்டிட்டானா?" என்று குழம்பிப் போகிறார்கள் பேட்டரி பைக் வைத்திருப்பவர்கள்.

பெட்ரோல் விலைக்குப் பயந்து பேட்டரி வண்டிக்கு மாறியவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள், சிறு வியாபாரிகள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவரும் பெண்கள். வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேட்டரிக்கே போய்விடும். "பேட்டரி அவுட்டு... புதுசு போட்டுருங்க" என்று கடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடும்ப பட்ஜெட்டே ஆட்டம் கண்டுவிடும். ஆனால் திடீரென நிற்கும் எல்லா வண்டியிலும் பேட்டரி செத்துப் போயிருப்பதில்லை என்பதுதான் விஷயமே.

ஆம்பூரில் எரிந்த கோபம்

இந்தத் தலைவலி திண்டுக்கல்லுக்கு மட்டும் வந்ததல்ல. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டம் ஆம்பூர் அருகே, சுமார் 44 கி.மீ. ஓடியதுமே பாதி வழியில் நின்றுபோன புது மின்சார ஸ்கூட்டரை, அதன் உரிமையாளரே பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. கம்பெனி சொன்ன தூரம் ஒன்று, ரோட்டில் ஓடிய தூரம் வேறு என்பதுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம்.

அதே மாதம் ஒகினாவா நிறுவனம் தனது 'பிரைஸ் புரோ' ஸ்கூட்டர்களில் 3,215 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எதற்குத் தெரியுமா? பேட்டரியில் கனெக்டர் லூசாக இருக்கிறதா, வேறு சேதம் ஏதும் உண்டா என்று பார்த்து இலவசமாகச் சரிசெய்து தருவதற்கு! ஒரு கம்பெனியே ஆயிரக்கணக்கான வண்டிகளை வரவழைத்துப் பார்க்கும் அளவுக்கு லூஸ் கனெக்ஷன் பெரிய விஷயம். அதைப் பார்க்காமலேயே மொத்த பேட்டரியையும் மாற்றச் சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

மீட்டர் ஏன் பொய் சொல்கிறது?

விலை குறைந்த பல வண்டிகளில் மீட்டர் காட்டுவது பேட்டரியில் மிச்சம் இருக்கும் சார்ஜை அல்ல. அந்த நேரத்து வோல்ட்டேஜைத்தான். சமதரையில் ஒரே ஆள் மெதுவாகப் போகும்போது வோல்ட்டேஜ் நன்றாக இருக்கும். இரண்டு பேர் ஏறி, காய்கறி மூட்டையையும் வைத்துக்கொண்டு பாலத்தில் முறுக்கினால் மோட்டார் ஒரே நேரத்தில் அதிக கரண்டை இழுக்கும். பலவீனமான பேட்டரியில் அப்போது வோல்ட்டேஜ் 'தொபுக்'கென்று விழும். உடனே கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும். சற்று நேரம் ஓய்வு கொடுத்தால் வோல்ட்டேஜ் மீண்டும் ஏறும். மீட்டரும் 3 கட்டம் காட்டும். 10 நிமிடத்தில் உயிர் வந்த ரகசியம் இதுதான்.

இன்னொரு விஷயம்... பேட்டரி என்பது ஒரே பெட்டி அல்ல, ஒரு கூட்டணி! 60 வோல்ட் லெட்-ஆசிட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரிகள் ஐந்து வரிசையாக நிற்கின்றன. லித்தியம் பேக்கில் சுமார் 16 முதல் 20 செல் வரிசைகள் இருக்கும். அதில் ஒன்று படுத்தால் போதும், மற்றவை நன்றாக இருந்தாலும் வண்டி நின்றுவிடும். லித்தியம் பேக்கில் இதைக் கண்காணிப்பது 'பி.எம்.எஸ்.' எனப்படும் சர்க்யூட். ஒரு வரிசையில் வோல்ட்டேஜ் எல்லைக்குக் கீழே போனாலோ, சூடு அதிகமானாலோ அது மொத்த பேட்டரியையும் பூட்டிவிடும். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. உள்ளே ஏதோ சரியில்லை என்பதால் விழுந்த பூட்டு அது. அதை உடைப்பதைவிட, ஏன் விழுந்தது என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

நடு ரோட்டில் நின்றால்...

முதலில் வண்டியை ஓரம்கட்டி சாவியை ஆப் செய்ய வேண்டும். புகை, கருகிய வாடை, 'உஸ்' சத்தம், பேட்டரி பெட்டி உப்பியிருப்பது... இதில் ஒன்று இருந்தாலும் கிட்டேயே நிற்கக் கூடாது. விலகி நின்று 101 அல்லது 112-க்கு போன் செய்ய வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் டிஸ்பிளேயைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

டிஸ்பிளேயே எரியவில்லையா? சீட்டுக்கு அடியில் உள்ள எம்.சி.பி. சுவிட்ச் விழுந்திருக்கலாம். பியூஸ் போயிருக்கலாம். குழியில் இறங்கி ஏறியதில் கனெக்டர் கழன்றிருக்கலாம். கனெக்டர் கருத்தோ, உருகியோ இருந்தால் அதுதான் வில்லன். எம்.சி.பி.யைத் தூக்கிவிட்டதும் மறுபடி மறுபடி விழுந்தால் ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். கட்டாயப்படுத்தி ஓட்டக் கூடாது.

டிஸ்பிளே எரிகிறது, ஆனால் முறுக்கினால் ஓடவில்லையா? பிரேக் லைட்டைப் பாருங்கள். பிரேக் பிடிக்காமலேயே அது எரிந்துகொண்டிருந்தால், பிரேக் லிவர் சுவிட்ச் மாட்டிக்கொண்டிருக்கிறது. பேட்டரி வண்டியில் பிரேக் பிடித்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. சில வண்டிகளில் சைடு ஸ்டாண்டு சென்சாரும் இதே வேலையைச் செய்யும். பேட்டரி விலையோடு ஒப்பிட்டால் இவை சில்லறைச் செலவுதான்.

டிஸ்பிளே எரிகிறது, முறுக்கும்போது மட்டும் கட்டங்கள் மளமளவென இறங்கி, விட்டதும் ஏறுகிறதா? அப்போது சந்தேகம் பேட்டரி மீதுதான். அதிலும் எது பலவீனம் என்று பார்த்த பிறகே செலவு பற்றிப் பேச வேண்டும்.

5 பேட்டரியில் எது குற்றவாளி?

லெட்-ஆசிட் வண்டியாக இருந்தால் மெக்கானிக்கிடம் "மொத்தமா பாக்காதீங்க... ஒவ்வொரு பேட்டரியா மீட்டர் வைங்க" என்று கேட்க வேண்டும். முழு சார்ஜ் ஏறி சில மணி நேரம் ஓய்வெடுத்த 12 வோல்ட் பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்ட வேண்டும். நான்கு பேட்டரி 12.6 காட்டி ஒன்று மட்டும் 11 சொச்சம் காட்டினால் குற்றவாளி சிக்கிவிட்டது! சும்மா நிற்கும்போது எல்லாம் சரியாக இருந்தால், லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போது 10.5 வோல்ட்டுக்குக் கீழே பாய்வதுதான் கெட்டது. அந்த ஒன்றை மட்டும் மாற்றலாமா? செட் புதிதாக இருந்தால் மாற்றலாம். பழைய செட்டோடு ஒரு புதுசைச் சேர்த்தால், பழையவற்றோடு மாரடித்து அதுவும் சீக்கிரம் படுத்துவிடும்.

லித்தியம் பேக்கை வீட்டிலோ, ரோட்டோரக் கடையிலோ பிரிக்கவே கூடாது. ஷார்ட் ஆனால் தீ பிடிக்கும், வாரண்டியும் பறிபோகும். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை இணைத்து, எந்த செல் வரிசை இறங்கியது, எந்த நேரத்தில் பி.எம்.எஸ். கட் செய்தது என்று பார்க்கும் வசதி பல மாடல்களில் உண்டு. அந்த ரிப்போர்ட்டை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு எளிய வழியும் இருக்கிறது. அதே சார்ஜரில் 6 மணி நேரம் பிடித்த சார்ஜ், இப்போது 2 மணி நேரத்திலேயே 'புல்' என்று பச்சை விளக்கு காட்டினால் சந்தோஷப்படக் கூடாது. குடம் சீக்கிரம் நிரம்புகிறது என்றால், குடம் சிறுத்துவிட்டது என்றுதான் அர்த்தம்!

ஒட்டன்சத்திரம் போய் வர முடியுமா?

கணக்கு போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 60 வோல்ட், 30 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 1,800 வாட்-ஹவர். ஒரு ஆள் நிதானமாகப் போனால் கிலோ மீட்டருக்கு 30 வாட்-ஹவர் என்று வைத்துக்கொண்டாலும் 60 கி.மீ. வரும். இரண்டு பேர், சாமான், எதிர்க்காற்று என்று 40 ஆனால் 45 கி.மீ.தான். பேட்டரியின் கொள்ளளவு 70 சதவீதமாகக் குறைந்திருந்தால் 31 கி.மீ.யோடு சரி! சின்னாளபட்டிக்குப் போய் வரலாம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பி வர முடியாது. கம்பெனி விளம்பரத்தில் வரும் தூரம் பரிசோதனைக் கூடத்தில் அளந்தது. பழனி ரோட்டில் அளந்தது அல்ல.

வெயிலும் எதிரிதான்

பேட்டரிக்கு வெயில் ஆகாது. லெட்-ஆசிட் பேட்டரியில் 25 டிகிரிக்கு மேல் 8 முதல் 10 டிகிரி கூடினாலே ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கு அடியில் வெளிச்சூட்டைவிட அதிக சூடு இருக்கும். லித்தியம் செல்லை பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. எனவே மதியம் ஓட்டி வந்ததும் அப்படியே சார்ஜில் மாட்டாமல், நிழலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும்.

லெட்-ஆசிட்டுக்கு வேறொரு விதி. ஆறியதும் அன்றைக்கே சார்ஜ் போட்டுவிட வேண்டும். காலியாகவே நாள் கணக்கில் போட்டு வைத்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி பாழாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கனெக்டரில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

உயிரோடு விளையாட வேண்டாம்

வண்டி நின்று போவதோடு முடிந்தால் பரவாயில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார பைக் தீப்பிடித்து, புகையில் சிக்கி தந்தையும் மகளும் பலியானார்கள். அதே மாதம் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உள்ள மணப்பாறையிலும் ஒரு மின்சார ஸ்கூட்டர் எரிந்தது. இப்படி நாடு முழுக்க நடந்த சம்பவங்களுக்குப் பிறகே மத்திய அரசு ஏ.ஐ.எஸ்.-156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1 மற்றும் 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக அமல்படுத்தியது. அதற்கு முன் வாங்கிய வண்டிகளை ஓட்டுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நின்று நின்று ஓடும் பேட்டரியை "எப்படியாவது சமாளிப்போம்" என்று ராத்திரி முழுக்க சார்ஜில் போடுவது, வேறு வண்டி சார்ஜரை மாட்டுவது, பி.எம்.எஸ்.சை பைபாஸ் செய்யச் சொல்வது, படுக்கை அறையிலோ வாசலை மறித்தோ சார்ஜ் போடுவது... இவை அனைத்தும் ஆபத்தில் முடியலாம்.

பில் இருக்கிறதா?

250 வாட், 25 கி.மீ. வேகத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு ஆர்.சி.யும் லைசென்சும் தேவையில்லை. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு நிறுவனத்தின் சான்று அந்த மாடலுக்கு இருக்க வேண்டும். "ஆர்.சி. வேணாம்" என்று சொல்லி விற்பவரிடம் அந்தச் சான்றைக் கேட்பவர்கள் எத்தனை பேர்? பேட்டரி சீரியல் நம்பர் எழுதிய பில்லும், வாரண்டி கார்டும் கையில் இல்லையென்றால் பிறகு வாதாடுவது கஷ்டம். எத்தனை வருடம், எத்தனை கி.மீ., கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றையும் வாங்கும்போதே கேட்க வேண்டும்.

வாரண்டி காலத்தில் தட்டிக் கழித்தால் புகாரை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அதிலும் வழி பிறக்காவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு கட்டணம் கிடையாது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய பேட்டரியைக் காயலான் கடையில் தள்ளிவிடக் கூடாது. 2022-ம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிப்படி பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. லெட் பேட்டரிக்கு எக்ஸ்சேஞ்சில் காசும் கிடைக்கும்.

மேம்பாலத்தில் வண்டி நின்றதும் முதலில் கை போக வேண்டியது பர்சுக்கு அல்ல, சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டருக்கு. அதைப் பார்த்து, பிரேக் சுவிட்சைப் பார்த்து, பேட்டரிகளை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்த பிறகும் பேட்டரிதான் என்று தெரிந்தால், அப்போது செலவு செய்யலாம். அதுவும் பில்லோடு!