பெயிண்ட் அடிப்பது பெயிண்டர் வேலை மட்டும்தானா?



"டிப்ளமோ படிக்கிறவனுக்குப் பிரஷ்ஷும் கையுமா என்னடா வேலை? அதையெல்லாம் பெயிண்டர் பார்த்துக்குவான்" என்பது நம் ஹாஸ்டலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. மாடல் ரயில் எஞ்சினுக்கு வீட்டிலேயே புது வண்ணம் பூசுவது என் பொழுதுபோக்கு என்று சொன்னால் சிரிப்பு இன்னும் கூடுகிறது. சிரிக்கட்டும்! ஒர்க்‌ஷாப் ரெக்கார்டில் 'பெயிண்டிங்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோமே, அந்த வரிக்குள் முழு எஞ்சினியரிங் இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

கணக்கைப் பாருங்கள். பிரிட்டனில் அதிகம் ஓடும் ஓஓ வகை மாடல்கள் ஏறக்குறைய 1:76 அளவு. அதன்மேல் 0.1 மி.மீ. கனத்துக்குப் பெயிண்ட் ஏறினால், நிஜ எஞ்சினில் 7.6 மி.மீ. தகடு ஒட்டியதற்குச் சமம்! ரிவெட் தலைகள் எல்லாம் புதைந்து போகும். பழைய பெயிண்டின் மேலேயே பூசுகிறவர்கள் ஒரு நாளை மிச்சம் பிடித்து எஞ்சினைத் தொலைக்கிறார்கள்.

பழசை எடுக்கத் தின்னர் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் பாடி இளகிவிடும். பாடியைச் சேஸிஸிலிருந்து கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். (ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.) சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகு வெறும் விரல் படக்கூடாது, கைப்பிசுக்கு உள்ள இடத்தில் பிரைமர் பிடிக்காது. அப்புறம் மெல்லிசு மெல்லிசாக, ஒன்று காய்ந்த பின் அடுத்த கோட். சக்கரத்தின் ஓடுபரப்பை மட்டும் விட்டுவிடுங்கள். தண்டவாளத்துக் கரண்ட் அது வழியாகத்தானே மோட்டாருக்குப் போகிறது!

நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டரைத்தான் பலர் மாற்றாந்தாய்ப் பிள்ளை மாதிரி நடத்துகிறார்கள். எஞ்சினுக்கு இன்று, டெண்டருக்கு அடுத்த மாதம் வேறு டப்பா. நிறம் எப்படிச் சேரும்? ஒரே கலவை, ஒரே நாள்.

எண் விஷயத்திலும் டெண்டருக்குத் தனிக் கதை உண்டு. 1923-ல் டான்காஸ்டரில் உருவான 'பிளையிங் ஸ்காட்ஸ்மன்' எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கம்பெனியான எல்.என்.இ.ஆர். முதலில் எண்ணை டெண்டரின் பக்கவாட்டில்தான் எழுதியது. டெண்டர் ஒரு எஞ்சினிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் என்ன ஆகும்? குழப்பம்தான்! 1920-களின் கடைசியில் எண் டிரைவர் கேபினுக்கு மாறியது. அதே எஞ்சின் ஆப்பிள் பச்சையில் 4472 ஆக ஓடியது, யுத்த காலத்தில் கறுப்பானது, 1948 தேசியமயத்துக்குப் பின் 60103 ஆகி நீலம் பூசியது, பிறகு அடர் பச்சைக்கு வந்தது. நீல எஞ்சினில் 4472 என்று ஒட்டிப் பாருங்கள், விவரம் தெரிந்தவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். 'கடையிலேயே ரெடிமேடா கிடைக்குதே' என்பவர்களுக்கும் இதுதான் பதில். நமக்குப் பிடித்த வருஷம் கடையில் இருக்க வேண்டுமே!

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கண்காட்சியில் ஒரு மேசை ஒதுக்குங்கள். மேலேயே பூசிய டெண்டர் ஒன்றையும், சுரண்டிப் பூசிய டெண்டர் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். ஒரு பூதக்கண்ணாடியும் வைக்கிறேன்.