கிராம சபையில் நம்மோடு யார்?

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்தாலே, தனித் தொகுதியான ஊராட்சிகளில் யாரை நிறுத்துவது என்று நம் தெருக்களில் விவாதம் தொடங்கிவிடுகிறது. யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டு நிற்பது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் நாற்காலி காலியாக இருந்தாலும் கிராம சபை காலியாவதில்லை. துணை தேட வேண்டிய இடம் அதுதான்.

துணை ஏன் வேண்டும்? 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். தனித் தொகுதியாக அறிவித்தாலும் பல ஊர்களில் வாக்காளர்களில் பெரும்பான்மையினர் மற்ற சாதியினரே. ஊரும் சேரியும் பேசாமலே இருந்தால், ஆதிக்கம் செய்வோர் கைகாட்டும் ஆள்தான் ஜெயிப்பார். முத்திரை அவரிடம் இருக்கும். அதிகாரம் வேறு வீட்டில் இருக்கும்.

மதுரை மாவட்டத்தின் அனுபவம் இதைச் சொல்லும். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 10 ஆண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. வென்றவர்களும் பதவியேற்ற கையோடு விலக வைக்கப்பட்டார்கள். 2006-ல் அங்கே தேர்தல் நடந்தது. 10 ஆண்டுகளும் இருந்தது அதே சட்டம்தான். இம்முறை மாவட்ட நிர்வாகமும் கட்சிகளும் இயக்கங்களும் ஊருக்குள் போய் உட்கார்ந்து பேசின.

உத்தப்புரம் சுவரும் அப்படித்தான். ஏறக்குறைய 20 ஆண்டுகள் நின்ற அந்தச் சுவரைத் தீண்டாமை ஒழிப்பு முன்னணி வெளி உலகுக்குக் கொண்டுவந்தது. 2008 மே 6 அன்று சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. அங்குள்ள தலித் மக்களின் உறுதியோடு, பல சாதிகளைச் சேர்ந்த தொழிலாளர்களையும் விவசாயிகளையும் கொண்ட அமைப்புகளின் பலமும் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

நம் ஊரில் யார் துணை? மகளிர் சுயஉதவிக் குழு, நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், விவசாயத் தொழிலாளர் சங்கம், மாற்றுத்திறனாளிகள் சங்கம், பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர். குடிநீர் வராத குழாயும், வராத கூலியும், ஆசிரியர் இல்லாத வகுப்பும் இவர்களுக்கும் நமக்கும் பொதுவானவை. படித்த இளைஞர்கள் மனு எழுதவும், தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கவும் முன்வந்தால், சாதி தாண்டி நம்பிக்கை பிறக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. “தண்ணீருக்குச் சேர்ந்து நிற்போம், சுடுகாட்டுப் பாதையை இப்போது பேசாதீர்கள்” என்று சொல்லும் கூட்டு நமக்கு வேண்டாம். கீழத் தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் சங்கம் கூலி உயர்வுக்காகப் போராடியபோதே சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகப் போராடியது. கூலியையும் மானத்தையும் பிரிக்காததால்தான் அந்தச் சங்கம் சேரிகளில் வேர்விட்டது. பிறரின் கோரிக்கைக்கு நாம் கைதூக்குவோம். இரட்டைக் குவளைக்கும் கோயில் நுழைவுக்கும் அவர்கள் கைதூக்க வேண்டும். இதை முதல் நாளே வெளிப்படையாகப் பேசிக்கொள்வது நல்லது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களில் கிராம சபை கூட வேண்டும். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்ல 100 பேர் வேண்டும். நம் தெருவிலிருந்து 40 பேர் வந்தால், மீதி 60 பேர் யார் என்பதே கேள்வி. அந்த 60 பேரின் வீட்டு வாசலுக்கு இந்த வாரமே போவோம். தேர்தல் அறிவித்த பிறகு போனால் ஓட்டுக் கேட்க வந்ததாகத்தான் நினைப்பார்கள்.