முன்வரிசையின் விலை

கூடைப்பந்துக்கு மற்ற ஆட்டங்களுக்கு இல்லாத ஒரு தன்மை உண்டு. பனி ஹாக்கியில் ஆட்டக்காரருக்கும் பார்வையாளருக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு நிற்கிறது, பேஸ்பாலில் வலை, கால்பந்தில் போதிய தொலைவு. என்.பி.ஏ.வின் 94 அடி நீள ஆடுகளத்திலோ, முதல் வரிசையில் அமர்ந்தவர் கால் நீட்டினால் எல்லைக்கோடு தட்டுப்படும். இந்த அண்மையைத்தான் அமெரிக்க அணிகள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கின்றன. வியர்வையும் மூச்சிரைப்பும் ஆட்டக்காரர் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வசையும் அந்த விலையில் அடக்கம். ஆபத்தும் அடக்கம்தான். 2015 டிசம்பரில் கிளீவ்லாந்தில் பந்தைத் துரத்திய லெப்ரான் ஜேம்ஸ் முன்வரிசைப் பெண்மணி ஒருவர் மீது விழ, அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுசெல்ல நேர்ந்தது.

இவ்வளவு கொடுத்து வந்தவர்முன் ஆட்டக்காரர் நாவடக்கத்தோடு நடக்க வேண்டாமா என்று கேட்போர் உளர். அதில் நியாயம் இல்லாமலில்லை. 2004 நவம்பரில் மிச்சிகனின் ஆபர்ன் ஹில்ஸ் அரங்கில், தம்மீது வந்து விழுந்த பானக்குவளைக்காக ரான் ஆர்டெஸ்ட் இருக்கைகளுக்குள் பாய்ந்தார். எறிந்தவரை விட்டுவிட்டு வேறொருவரைப் பிடித்தார். அந்தப் பருவத்தில் எஞ்சிய 86 ஆட்டங்களை அவர் இழந்தார். அத்தண்டனையை நாம் மிகையென்று சொல்லமாட்டோம். அரங்குக்கு வருபவர் அச்சமின்றி அமர்ந்திருக்க வேண்டும்.

ஆயினும் கட்டுப்பாடு ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதா? 2019 ஜூனில், ஓக்லண்டில் நடந்த இறுதித்தொடர் ஆட்டத்தில் பந்தைக் காக்கப் பாய்ந்த டொராண்டோவின் கைல் லௌரி முன்வரிசை இருக்கைகளில் விழுந்தார். அவரைப் பிடித்துத் தள்ளியவர், எதிரணியான வாரியர்ஸின் பங்குதாரர்களுள் ஒருவரான மார்க் ஸ்டீவன்ஸ். லௌரி கை ஓங்கவில்லை. நடந்ததை நடுவரிடம் முறையிட்டார். ஸ்டீவன்ஸுக்கு ஓராண்டுத் தடையும் 5 லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. ஆட்டத்தோடு சேர்த்து ஆட்டக்காரனின் உடலும் தமக்குரியது என்னும் எண்ணம் முன்வரிசையில் எவ்வளவு எளிதாக முளைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே ஆண்டு மார்ச்சில் சால்ட் லேக் சிட்டியில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், தம்மை இழிவுபடுத்தியதாகக் குற்றஞ்சாட்டிய பார்வையாளரிடம் மிரட்டும் சொற்களில் பதிலளித்தார். அவருக்கு 25,000 டாலர் அபராதம். பார்வையாளருக்கு யூட்டா ஜாஸ் அணியின் நிரந்தரத் தடை. இருவரும் தண்டிக்கப்பட்டது சரியே. ஆனால் இரண்டும் காரியம் முடிந்த பின் வந்தவை. ஆட்டத்தின் நடுவே அவமதிக்கப்படுபவனுக்கு அப்போதே ஒரு வழி வேண்டும்.

அவ்வழி இல்லாமலில்லை. 2021 நவம்பரில் இண்டியானாபோலிஸில் லெப்ரான் ஜேம்ஸ் ஆட்டத்தை நிறுத்தி, முன்வரிசையில் இருந்த இருவரை நடுவருக்குச் சுட்டிக்காட்டினார், அவர்கள் வெளியேற்றப்பட்டனர். எவரும் எவரையும் தொடவில்லை, ஆட்டம் தொடர்ந்தது. புகழின் உச்சியில் இருப்பவருக்குக் கிடைத்த இந்த மரியாதை, அணியின் கடைசி இருக்கையில் இருக்கும் இளைஞனுக்கும் தயக்கமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அப்படிக் கிடைக்கும் அரங்கில், வாய்தவறும் ஆட்டக்காரனைக் கடுமையாகத் தண்டிக்கும் தகுதி நிர்வாகத்துக்கு வரும். அதுவரை அவனிடம் மட்டும் பொறுமை கேட்பது, விற்றவர் தம் வாடிக்கையாளரைக் காப்பாற்றும் செயலாகவே முடியும்.

நம் காப்பிய மரபில் அவையடக்கம் பாடுவது புலவனின் கடமை. அவையோர் அதனை இருந்து கேட்டனர். கூடைப்பந்து அரங்கிலோ அவ்வடக்கம் இருதரப்புக்கும் உரியது. அதிலும் ஆட்டத்துக்கு மிக அருகில் அமர்ந்திருப்பவரிடம் அது மிகுதியாக எதிர்பார்க்கப்பட வேண்டும். அவர் கொடுத்த பணம் நல்ல இடத்தைப் பெற்றுத் தந்தது. எதிரே ஆடுபவனின் மானம் விற்பனைக்கு வைக்கப்படவில்லை.