நேரலையும் சிகிச்சையின் ஒரு பகுதியே

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையோ தீவிரமான கீமோதெரபியோ பெற்றுவரும் நோயாளர்களின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "வீட்டில் கல்யாணம், டாக்டர். இரண்டு மணி நேரம் மட்டும் அழைத்துச் சென்று, திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம்." பெரும்பாலும் நாங்கள் இதற்கு இசைவதில்லை. கிருமிகளை எதிர்த்து நிற்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் இரத்தத்தின் ஒரு மைக்ரோ லிட்டரில் 500க்கும் கீழே இறங்கியிருக்கும் நாட்களில், மண்டபக் கூட்டத்தில் பிறருக்குச் சாதாரணமாக வந்துபோகும் ஒரு சளி கூட அந்நோயாளரின் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். அந்நிலையில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலையும் நாங்கள் அவசர நிலையாகவே கருதுகிறோம்.

ஆயினும், மறுப்புச் சொல்வதோடு எங்கள் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதே எங்கள் கருத்து. செல்ல இயலாதவருக்கு அந்நிகழ்ச்சியை நேரலையாகக் கொண்டுவந்து சேர்ப்பது, வீடியோ எடுப்பவரிடம் கடைசி நேரத்தில் சொல்லிவிட்டுப் போகும் வேலையன்று. மருந்து அட்டவணையைப் போலவே அதையும் குடும்பமும் மருத்துவக் குழுவும் சேர்ந்து முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. செல்லக்கூடியவரை வீட்டிலேயோ வார்டிலேயோ இருத்திவிடுவதற்கு நேரலை ஒரு சாக்காகிவிடலாகாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலர், சிகிச்சை நாளைச் சற்று மாற்றி அமைத்து, பருகும் நீரின் அளவையும் உணவையும் கவனித்துக்கொண்டால் விழாவுக்குச் சென்றுவர இயலும். எனவே, தேதி குறிக்கும்போதே மருத்துவரிடம் கேளுங்கள். போகலாமா, கூடாதா என்பதை நோயின் நிலை முடிவு செய்யட்டும்.

போகக்கூடாது என்றால், யாருக்காக இந்த ஒளிபரப்பு என்பதை மனத்தில் கொள்ளுங்கள். மண்டபத்தில் வழக்கமாக அமைக்கப்படும் நேரலை, வெளிநாட்டிலுள்ள நூறு உறவினர்களுக்கானது. யூடியூப் வழியே வரும் அப்படம் சில நொடிகள் தாமதித்து வரும். பார்ப்பவரின் முகமும் குரலும் மேடைக்குப் போய்ச் சேரா. பின்னணியில் திரைப்பாடல் ஒலித்தால் காப்புரிமை காரணமாக ஒளிபரப்பே தடைபடலாம். படுக்கையில் இருக்கும் தந்தைக்கோ, மகள் தம்மைப் பார்த்தாள் என்பதுதான் பெரிது. ஆகவே, பொது நேரலை ஒரு புறம் நடக்கட்டும். அவருக்கென்று தனியாக ஒரு கைபேசியில் இருவழி வீடியோ அழைப்பு ஏற்படுத்துங்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அலையாமல், ஸ்டாண்டில் பொருத்தி, மேடையருகே வையுங்கள். நாதஸ்வரமும் தவிலும் மற்றெல்லா ஒலியையும் விழுங்கிவிடுமாதலால், சட்டையில் செருகும் சிறிய மைக் ஒன்று பேருதவி செய்யும். அந்தக் கைபேசிக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அன்று அவருக்கு வேறு வேலை வேண்டாம். ஜூம் செயலியின் கட்டணமில்லாச் சேவை 40 நிமிடத்தில் நின்றுவிடும். தாலி கட்டும் வேளையில் இணைப்பு அறுந்தால் அவ்வருத்தத்தை ஈடுசெய்ய இயலாது. முதல் நாளே, அதே மண்டபத்தில், அதே வேளையில், ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

எங்கள் பக்கமும் செய்ய வேண்டியவை உண்டு. முகூர்த்த நேரத்தை முன்னதாகத் தெரிவித்தால், இரத்தப் பரிசோதனை, இரத்தம் ஏற்றுதல், மருத்துவர் சுற்று ஆகியவற்றில் தள்ளிவைக்கக் கூடியதைத் தள்ளிவைக்கலாம். சோர்வு மிகுந்தவருக்கு நான்கு மணி நேரம் வேண்டா. அரைமணி நேரம் போதும். எந்த அரைமணி நேரம் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். பட்டாடை அணிய விரும்பினால், துவைத்து உலர்த்திய ஆடையாகக் கொண்டுவாருங்கள். பூவும் மாலையும் மட்டும் இவ்வார்டுக்குள் வேண்டா, அவற்றில் பூஞ்சையும் கிருமிகளும் இருக்கக்கூடும். பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் படத்தில் விழாதவாறு கைபேசியைத் திருப்பி வையுங்கள். ஒலி அவரைத் துன்புறுத்தாதிருக்க இயர்போன் பயன்படுத்துங்கள். நோயாளரின் மெலிந்த தோற்றத்தை மண்டபத்துப் பெரிய திரையில் காட்டுவதற்கு அவருடைய சம்மதம் கட்டாயம் வேண்டும். யூடியூபில் 'பட்டியலிடப்படாதது' என்று வைக்கும் இணைப்பும், அதைப் பெற்ற எவருக்கும் திறக்கும் என்பதை மறவாதீர்கள்.

திருமணத்தைக் காட்டிலும் கடினமானது இறப்பு. நோயாளரின் தாயோ உடன்பிறந்தவரோ காலமானால், "இப்போது சொன்னால் தாங்கமாட்டார், குணமாகி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று குடும்பத்தார் எங்களையும் மௌனம் காக்கச் சொல்வதுண்டு. அன்பினால் விளையும் இவ்வெண்ணத்தை நாங்கள் மதிக்கிறோம், ஆனால் உடன்படுவதில்லை. தெளிந்த அறிவோடு இருப்பவரிடம் செய்தியைச் சொல்லி, இறுதிச் சடங்கைக் காண விரும்புகிறாரா என்று கேட்பதே முறை. வேண்டா என்றால் வற்புறுத்தலாகாது. வேண்டும் என்றால் தனியே விட்டுப் பார்க்கச் செய்யலாகாது. கையைப் பற்றிக்கொள்ள ஒருவர் அருகே அமர்ந்திருக்க வேண்டும், செவிலியருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பின்னாளில் உண்மையை அறியும்போது எழும் "கடைசியாக முகத்தைக் கூடப் பார்க்கவில்லையே" என்ற ஆற்றாமைக்கு எங்களிடம் மருந்தில்லை.

நோய் ஒருவரை வார்டில் நிறுத்தலாம். குடும்பத்தில் அவருக்குள்ள இடத்தை அது பறித்துவிட நாம் விடலாகாது. உங்கள் வீட்டு விசேஷத் தேதியை அடுத்த முறை வரும்போதே எங்களிடம் சொல்லுங்கள். சிகிச்சைக் குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொள்கிறோம்.