தோட்டத்துச் செம்மண் சாலைகளைப் பொதுவழி ஆக்குங்கள்

கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2014 முதல் குறிப்பிட்ட ஞாயிறு காலைகளில் நகர மையச் சாலைகள் சிலவற்றில் காருக்குத் தடை போட்டு, சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் விட்டுவருகிறது. ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடியும் இந்த ஏற்பாடு நல்லதுதான். ஆனால் பத்து மணிக்கு அதே சைக்கிளோடு மஸ்ஜித் இந்தியா பக்கம் திரும்பினால், இரட்டை வரிசையில் நிற்கும் வேன்களுக்கும் துணி மூட்டை இறக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில் இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். வாரத்தில் இரண்டு மணி நேரம் இரவல் கிடைக்கும் சாலையை வைத்து ஒரு தலைமுறையைச் சைக்கிள் ஏற்ற முடியாது.

வண்டி அதிகம் வராத சாலை கிள்ளான் பள்ளத்தாக்கில் இல்லாமல் இல்லை. நகரத்தைச் சுற்றி ஒருமணி நேரத் தூரத்தில் நிறையவே இருக்கிறது. செமினி, புரோகா, ஈஜோக், பத்து ஆராங், கேரித் தீவு என்று எந்தப் பக்கம் போனாலும் செம்பனைத் தோட்டங்களுக்குள் செம்மண்ணும் சரளையும் போட்ட சாலைகள் மேடு ஏறி இறங்கிப் போகின்றன. உலகெங்கும் இன்று ‘கிரேவல் பைக்’ என்ற அகலச் சக்கரச் சைக்கிளுக்கு ஆசைப்படுபவர்கள் தேடுவது இத்தகைய சாலைகளைத்தான். அவை இன்று தோட்ட நிறுவனங்களின் தனிச் சொத்து. காவலாளி கேட்டைத் திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நாளைக்கு அந்தத் தோட்டமே வீடமைப்புத் திட்டமாகிவிட்டால், சாலை இருந்த சுவடும் இருக்காது.

தோட்ட நிலம் கைமாறுவதற்கு முன்பே அதன் முதன்மைச் செம்மண் சாலையை, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான பொதுவழியாகச் சிலாங்கூர் அரசு அரசிதழில் பதிய வேண்டும் என்கிறோம். நிலம் தோட்டமாகவே நீடிக்கும் இடங்களில் நிறுவனத்தோடு பேசி நேரம் குறித்துத் திறந்துவிட வேண்டும்.

இதைக் கேட்க நமக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டால், பதில் வரலாற்றில் இருக்கிறது. அந்தச் சாலைகளில் கல் அடுக்கியது, வடிகால் வெட்டியது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் நடந்தது, ரப்பர்ப் பால் வாளியைச் சைக்கிள் கேரியரில் கட்டி நிறுவைக் கொட்டகைக்கு ஓட்டியது எல்லாம் யார்? ஷா ஆலம் ஒருகாலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா, சீஃபீல்டு தோட்டம். அந்தத் தோட்டங்களைத் தமிழர் நினைவுக்குக் கொண்டுவரும் அளவுக்குக்கூட இன்றைய சாலை வரைபடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரு நெடுஞ்சாலையின் பேரில் ‘குத்ரி’ என்ற தோட்டக் கம்பெனிப் பெயர். அந்த நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில்தான் இன்று சைக்கிளோட்டிகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்கிறார்கள்.

புக்கிட் கியாராவை எடுத்துக்கொள்வோம். தலைநகரின் மேற்கே, தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய குன்று அது. முன்பு ரப்பர் தோட்டம். பால் வெட்டிய சாய்ந்த தழும்புகளோடு பழைய மரங்கள் இன்னும் நிற்கின்றன; பருவத்தில் அவற்றின் விதைகள் தடத்தில் சிதறிக் கிடந்து சக்கரத்துக்கடியில் நொறுங்கும். தோட்டம் அரசு கைக்குப் போன பிறகு அந்தக் குன்றில் மலைச் சைக்கிளோட்டிகள் தன்னார்வமாகத் தடங்களை வெட்டினார்கள். மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி குறுக்கே வாய்க்கால் எடுத்தார்கள். மண்வெட்டியோடு போய்ப் பராமரித்தார்கள். பூங்கா அமைக்கிறோம் என்று வேலியும் இயந்திரமும் வந்தபோது தடங்கள் சில அழிந்ததும், சைக்கிளோட்டிகள் முறையிட்டதும் தனிக்கதை.

இந்தக் கதையின் மறுபக்கத்தில் நம்மவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடும்பங்கள், சுமார் நூறு, 1982 வாக்கில் குன்றடிவாரத்தில் வரிசை வீடுகளில் குடிவைக்கப்பட்டன. தற்காலிகம், சில ஆண்டில் சொந்த வீடு என்பதுதான் வாக்கு. ‘ரூமா பாஞ்சாங்’ என்று அழைக்கப்பட்ட அந்த வரிசையிலேயே பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். 2017-இல் பக்கத்திலுள்ள ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் 42 முதல் 54 மாடி வரையிலான எட்டு அடுக்ககங்கள் கட்ட மாநகர் மன்றம் அனுமதி தந்தபோது, அதனுடன் 350 மலிவு வீடுகளும் வரும், அதில் இந்தக் குடும்பங்களுக்கும் இடம் உண்டு என்றார்கள். பூங்காவைக் காக்க வழக்குப் போட்டவர்கள் ஏழைகளின் வீட்டைத் தடுக்கிறவர்களாகக் காட்டப்பட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 ஜனவரியில் அந்த அனுமதியை ரத்து செய்தது. கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரல் 18-இல் அதை உறுதிசெய்தது.

மரமா, வீடா என்று ஏழையையும் பூங்காவையும் எதிரெதிரே நிறுத்துவது கெட்டிக்காரத்தனமான ஏமாற்று. வீடு தர வேண்டியது 1982-இன் கடன். அதற்குப் பூங்காவை ஈடு வைக்கத் தேவையே இல்லை. குடும்பங்களுக்கு அவர்கள் வாழும் இடத்திலேயே வீடு கட்டிக்கொடுப்பதும், குன்றின் தடங்களை நிரந்தரமாகக் காப்பதும் ஒரே ஆணையில் வரலாம். புத்ராஜெயாவிலும் இதே முரண்தான். பிராங் பெசார் முதலிய தோட்டங்களை அழித்து எழுந்த அந்நகரின் ஐந்தாம் பிரிசிண்டில் மலைச் சைக்கிளுக்கென்றே பூங்கா உண்டு. அந்தத் தோட்டத்துக் குடும்பங்களோ டெங்கில் தாமான் பெர்மாத்தாவின் விரிசல் விட்ட அடுக்குமாடியில் வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். சைக்கிள் பூங்கா தவறு என்று சொல்லவில்லை. வரிசையில் முதலில் நின்றவர்கள் கடைசிக்குத் தள்ளப்பட்டதைச் சொல்கிறோம்.

காட்டுத் தடங்களின் நிலை இன்னும் மோசம். ஷா ஆலமை ஒட்டிய புக்கிட் செராக்கா வனக் காப்பகத்தில் சுமார் 406 ஹெக்டர், காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாக 2022 மே மாதம் அரசிதழில் வந்தது. அதுவும் 2000-ஆம் ஆண்டிலிருந்தே நீக்கம் என்று பின்தேதியிட்டு. அந்த வட்டாரத்துச் சமூக வனத்தில் மலையேறுபவரும் சைக்கிளோட்டியும் எத்தனையோ காலமாகப் போய்வருகிறார்கள். அவர்கள் மிதித்த மண் இருபத்திரண்டு ஆண்டாகக் காடே இல்லையாம்!

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. செம்பனைக் குலை திருட்டு பெரிய தொல்லை, மருந்தடிக்கும் நாளில் வெளியாள் வந்தால் ஆபத்து, குலை ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போது எதிரே சைக்கிள் வந்தால் யார் பொறுப்பு என்று தோட்ட நிர்வாகம் கேட்கிறது. இவற்றுக்கு வழி இருக்கிறது. ஒரு தோட்டத்துக்கு ஒரு சாலை போதும். அறுவடையும் மருந்தடிப்பும் இல்லாத ஞாயிறு காலை போதும். வாயிலில் பலகை வைத்து, விபத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். பொதுமக்கள் செல்லும் வழியை அறிவிக்கும் அதிகாரம் தேசிய நிலச் சட்டத் தொகுப்பில் நில நிர்வாகிக்கு ஏற்கெனவே இருக்கிறது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அஞ்சும் மண்ணரிப்புக்கும் இதுவே நல்ல விடை: புதிதாக ஒரு மரமும் வெட்ட வேண்டாம், சாலை ஏற்கெனவே இருக்கிறது. தார் மட்டும் போட்டுவிடாதீர்கள். தார் விழுந்த மறுமாதம் மோட்டாரும் லாரியும் வந்துவிடும்.

இத்தாலியின் டஸ்கனியில் வெள்ளைச் சரளைச் சாலைகள் தார் மூடி மறைவதைத் தடுக்கத்தான் 1997-இல் எரோய்க்கா என்ற பழஞ்சைக்கிள் விழா தொடங்கியது. சாலையும் பிழைத்தது, ஊருக்கும் வருமானம். அவ்வளவு தூரம் போவானேன்? சிங்கப்பூரில் தஞ்சோங் பகாருக்கு ஓடிய நம் கேடிஎம் ரயில் 2011 ஜூன் 30-இல் நின்றது. நிலத்துக்குத் தங்க விலை போகும் அந்தத் தீவில், உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரையிலான 24 கிலோமீட்டர்த் தண்டவாளத் தடத்தைக் கட்டடக்காரர்களுக்குத் துண்டு போட்டு விற்காமல் நடைக்கும் சைக்கிளுக்குமாக வைத்துக்கொண்டார்கள்.

கிரேவல் பைக் பணக்காரன் விளையாட்டு, அதற்குத் தமிழ்ப் பத்திரிகை ஏன் மெனக்கெட வேண்டும் என்று சிலர் முகம் சுளிக்கலாம். பல ஆயிரம் ரிங்கிட் சைக்கிளும் அதே செம்மண்ணில்தான் ஓடும், பள்ளிப் பிள்ளையின் பழைய சைக்கிளும் அங்கேதான் ஓடும். ஜொகூர் பாருவில் 2017 பிப்ரவரியில், நள்ளிரவுக்குப் பிறகு நெடுஞ்சாலையில் மாற்றியமைத்த சைக்கிள் ஓட்டிய எட்டுப் பதின்ம வயதினர் கார் மோதி இறந்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள் என்று நாடே கேட்டது. ஓட்ட வேறு எங்கே இடம் விட்டோம் என்று கேட்டவர்கள் குறைவு. நம் வீட்டுக் கணக்கு ஒன்றும் உண்டு: 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் வயதுவந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. எல்லா இனங்களிலும் நாம்தான் முதலிடம். மருத்துவர் நடக்கச் சொல்கிறார். எங்கே நடப்பது என்று சொல்ல அவரால் முடியாது. அதைச் சொல்ல வேண்டியது மந்திரி பெசாரும் நகராண்மைக் கழகமும்.

உங்கள் நகராண்மைக் கழகம் வரைவு உள்ளூர்த் திட்டத்தைப் பொதுப் பார்வைக்கு வைக்கும்போது நேரில் போய் அந்த வரைபடத்தைப் பாருங்கள். நீங்களோ உங்கள் பெற்றோரோ வேலை பார்த்த தோட்டத்தின் மேல் என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அதன் செம்மண் சாலை அதில் இல்லையென்றால், கெடு முடியுமுன் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். ரிம்பா கியாராவைக் காப்பாற்றிய வழக்கும் குடியிருப்பாளர்களின் ஆட்சேபத்தில்தான் தொடங்கியது.